மழையில் பிடித்த படம்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் ஆறு ஆண்டுகள் தொங்கிற்று. பச்சை நீர், நீரின்மேல் படர்ந்த இலைகள், அவற்றின் நடுவே வெண்கல நிறச் சிறகுகளை உயர விரித்து நிற்கும் ஒரு பறவை. மழைக் கம்பிகள் சாய்வாக இறங்குகின்றன. சிறகு நுனியில் ஒரு துளி, விழுவதற்கு முந்திய கணத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வருவோர் அதன்முன் சற்று நின்று, "நீங்களே எடுத்ததா?" என்று கேட்பர். "ஆம்" என்பேன். அந்த ஒரு சொல்லில் முதலில் பெருமிதம் இருந்தது. நாளடைவில் அது குறைந்தது. இப்போது படம் சுவரில் இல்லை.

அது ஏன் என்று சொல்வதே இக்கட்டுரை. சொந்தக் கதையைச் சங்க மலரில் எழுதுவது தகுமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும் அக்கதைக்குள் எல்லோர்க்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது. அழகைக் காண்பதற்கும் அதைக் கைக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு? காணப்படும் உயிருக்குக் காண்பவன் ஏதேனும் கடன்பட்டவனா? இக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீடில்லை. கைப்பேசி இருக்கும் இடத்தில் படக்கருவியும் இருக்கிறது. ஆகவே இது என் ஒருவனின் கேள்வி அன்று.

பிழைப்பின் பொருட்டுக் கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரியில் குடியமர்ந்தவன் நான். இங்கே பறவை பார்ப்பது எளிது. கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து படகுத்துறைக்குப் போனால், தலைக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிடும். கோட்டைக் கொச்சியின் முகத்துவாரத்தில் சீனவலைகள் நீரில் தாழ்ந்து எழும்போதெல்லாம் கொக்குகள் கரையில் வரிசையாக நின்று தம் பங்குக்குக் காத்திருக்கும். பறவைகளை நாடி நாம் போகவேண்டுவதில்லை. அவையே நம் தொழிலிடத்துக்கு வந்துவிடுகின்றன.

2017-ஆம் ஆண்டு ஆடி மாதம், மலையாளிகளுக்குக் கர்க்கடகம், சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். பறவைகளைப் படம் பிடிப்பதில் தேர்ந்தவர். அவருடைய வில்லை முழங்கை நீளம் இருக்கும். எனக்கும் அப்போது புதிதாக ஒரு நல்ல கருவி வாய்த்திருந்தது. "இந்த மழையில் என்ன பறவை கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வலசைப் பறவைகள் புரட்டாசிக்கு மேல்தானே வரும்! இப்போது இருப்பவை உள்ளூர்ப் பறவைகள். கூடு கட்டியிருக்கும், குஞ்சு பொரித்திருக்கும். படத்துக்கு இதைவிட நல்ல காலம் ஏது?" என்றார். அவர் சொன்னது உண்மையே. அந்த உண்மைக்குள் இருந்த இன்னொன்று அப்போது எனக்குப் புலப்படவில்லை. மழைக்காலத்தில் பறவையைப் பார்க்கப் போகிறவன் அதன் வீட்டுக்குள் பார்க்கப் போகிறான்.

(வலசைப் பறவைகளைப் புலம்பெயர்ந்த தமிழரோடு ஒப்பிட்டு எழுதுவது நம் மலர்களில் நெடுநாள் வழக்கம். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அவை தவறாமல் திரும்பிப் போகின்றன, நாம் போவதில்லை. ஆகவே அந்த ஒப்புமையை இங்கே விட்டுவிடுகிறேன்.)

விடியலில் முதலில் சீனவலைகளிடம் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தேக்குக் கழிகளும், எடைக்காகக் கயிற்றில் கட்டிய கருங்கற்களும் நனைந்து கறுத்திருந்தன. நண்பர் கருவியை உயர்த்தியதும் வலையிழுப்பவர் ஒருவர் கையை நீட்டினார். "படம் எடுத்தால் பணம் தரணும்" என்றார். நண்பருக்கு முகம் சுருங்கிற்று. எனக்கோ அது நியாயமாகவே பட்டது. அம்மனிதரின் உழைப்பு நமக்குக் காட்சியாகிறது; காட்சிக்கு அவர் விலை கேட்கிறார். கொடுக்கலாம், மறுக்கலாம், பேரம் பேசலாம். இருவர்க்கும் வாய் இருக்கிறது. பணம் கொடுத்தோம், அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். வலையில் வந்தது கையளவு மீன். அதிலும் ஒன்றைக் கொக்கு கொத்திக்கொண்டு போயிற்று. அதை அவர் தடுக்கவில்லை.

அங்கிருந்து தெற்கே, கடலை ஒட்டிய சாலையில் கண்ணமாலி, கண்டக்கடவு வழியாகச் செல்லானம் நோக்கிப் போனோம். ஆனி ஆடியில் கடல் வீடுகளுக்குள் புகும் ஊர்கள் இவை. செல்லானத்தில் நான்முகக் கான்கிரீட் கற்களை அடுக்கிக் கட்டிய தடுப்பு பின்னாளில், 2022-இல் தொடங்கிய பணியில் எழுந்தது. நாங்கள் போனபோது அது இல்லை. ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மையார் ஒருவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பாத்திரத்தால் நீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் திருவுருவப் படமும் அதன்கீழ் எரியும் சிறு விளக்கும். நண்பர் வண்டியை நிறுத்தச் சொன்னார்; கருவியை எடுத்தார். அம்மையார் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சினமும் காட்டவில்லை. வெறுமனே பார்த்தார். நண்பரின் கை தானாகத் தாழ்ந்தது. "வேண்டாம், போகலாம்" என்றார். அவர்மேல் எனக்கு அன்று மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. பார்க்கப்படுபவர் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது, நாம் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு மணி நேரம் கழித்து, சாலைக்குக் கிழக்கே பொக்காளி வயல்களின் வரப்பில் நடந்துகொண்டிருந்தோம். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்ட நிலத்தில் நெல்லும், அறுவடைக்குப் பின் அதே நிலத்தில் இறாலும் வளரும் வயல்கள் அவை. ஓரத்தில் ஒரு குளம். குளம் நிறைய இலைகள். நண்பர் முன்னே போய்விட்டார். நான் மட்டும் அந்த இலைக்கோழியைக் கண்டேன். நீண்ட கால்விரல்களைப் பரப்பி மிதக்கும் இலைகளின்மேல் நடக்க வல்லது. மலையாளிகள் தாமரைக்கோழி என்பர். கறுத்த தலை, வெண்புருவம், வெண்கலம் மின்னும் சிறகு. அது நடக்கவில்லை; ஓரிடத்தில் அமர்ந்திருந்தது. உற்றுப் பார்த்தபோது விளங்கிற்று. நீரில் மிதக்கும் ஈரத் தழைக் குவியல் ஒன்று அதன் கூடு. அது அடைகாத்துக்கொண்டிருந்தது.

இப்பறவையினத்தில் அடைகாப்பவன் தந்தை. பெண்பறவை முட்டையிட்டுவிட்டு வேறோர் ஆணை நாடிப் போய்விடும். முட்டைகளைக் காப்பதும், பொரித்த குஞ்சுகளை மழையிலும் பகையிலும் சிறகின்கீழ் அணைப்பதும் ஆணின் பொறுப்பு. இதை நான் நூலில் படித்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

மேகம் கவிந்து வெளிச்சம் குறைந்திருந்தது. என் வில்லைக்கு அந்தத் தொலைவு எட்டாது. ஆகவே வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினேன். பத்தடி போனேன். பறவை தலையைத் தூக்கியது. இன்னும் ஐந்தடி போனேன். அது எழுந்து இலைகளின்மேல் ஓடி, கூட்டிலிருந்து தள்ளி நின்று, சிறகுகளை உயர விரித்தது. அந்தக் கணத்தில் மழை வலுத்தது. எனக்கு அது வரமாகத் தோன்றிற்று. மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினேன். அது கத்தியது, நான் அழுத்தினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. படங்களின் நேரக் குறிப்பைப் பின்னர் பார்த்தேன்: பதினொரு நிமிடங்கள்.

காகம் எப்போது வந்ததென்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது கூட்டின்மேல் இருந்தது. கைதட்டிக் கத்தினேன். அது ஒரு முட்டையை அலகில் ஏந்திப் பறந்தது. எஞ்சியவற்றில் ஒன்று உடைந்து வழிந்தது. மற்றவை நீரில் சரிந்திருந்தன. தந்தைப்பறவை கூட்டருகே வந்தது, சுற்றி நடந்தது, நின்றது. அதையும் படம் பிடித்திருக்கலாம். அப்போதுதான் கருவியைத் தாழ்த்தினேன். நண்பரிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த தைப்பொங்கல் விழாவில் நம்மவர் நடத்திய படக்காட்சியில் அந்தப் படத்தை வைத்தேன். பரிசு கிடைத்தது. கூட்டத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இதோட குஞ்சு எங்கே?" என்று கேட்டாள். "பத்திரமா இருக்கும்மா, அந்தப் பக்கம் இலைக்குள்ளே" என்றேன். அவள் மகிழ்ந்து போனாள்.

நான் இதுவரை எழுதியதில் மிகக் கடினமான வரி அதுவே. முட்டையை இழக்கச் செய்தது ஒரு குற்றம். அதன்மேல் ஒரு குழந்தையிடம் பொய்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் அறிவேன். பல இரவுகள் அவற்றை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். காகம் என்றைக்காவது வந்திருக்கும் என்பது முதலாவது. வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு வந்த காகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான். பொதுவில் முட்டைகள் அழிவது இயற்கை என்பதால் இந்த முட்டைகளுக்கு நான் காரணமல்லன் ஆகிவிடுவேனா? மனிதர் அனைவரும் இறப்பது உறுதி என்பது எந்த வழக்கிலும் எதிரிக்குத் துணை நின்றதில்லை.

கொல்லும் நோக்கம் இல்லை என்பது அடுத்தது. இங்கே நம் நாட்டுச் சட்டம் எனக்கு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்கு வரையறை கூறும் இடத்தில், கொல்வதையும் பிடிப்பதையும் மட்டும் சொல்லி நிற்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்றே அழைக்கிறது. துப்பாக்கி தொடாத நான் அன்று வேட்டையாடினேன். இதைச் சட்டநூலில் கண்ட நாள்முதல் 'படம் பிடித்தல்' என்ற நம் சொல்லே எனக்கு உறுத்துகிறது. எடுக்கிறோம், பிடிக்கிறோம், இரண்டும் கைப்பற்றும் வினைகள். ஆங்கிலேயர் இதற்குச் சுடுதல் என்ற சொல்லையே ஆள்கின்றனர். அது வெறும் சொல் அளவில் நின்றதும் அன்று. 1882-இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, பறக்கும் பறவைகளின் சிறகசைவைப் பதிவு செய்ய ஒரு கருவி செய்தார். அது துப்பாக்கி வடிவிலேயே இருந்தது; தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். குண்டில்லாத துப்பாக்கி அல்லவா என்று நாம் மகிழலாம். ஆனால் குறிபார்க்கும் கண்ணின் பழக்கம் குண்டோடு சேர்ந்து போய்விடவில்லை.

நோக்கமில்லாக் குற்றத்துக்கு நம் மரபில் ஒரு பெரிய வழக்கு உண்டு. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று தானாக வந்து விழுந்தது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை. அமைச்சர்கள் அதைத்தான் சொன்னார்கள், பரிகாரங்களும் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை. அவன் தந்த தண்டனையின் கொடுமை எனக்கு உடன்பாடன்று. இளவயதிலேயே அக்கதை என்னை அச்சுறுத்திற்று. ஆயினும் அக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. நோக்கம் இல்லை என்பதை முடிவுசெய்யும் உரிமையை இழப்பு நேர்ந்த பசுவிடமிருந்து பறித்து, இழப்பை உண்டாக்கியவன் கையில் கொடுக்க அவன் மறுத்தான். பசு மணியை அடித்தது, அரண்மனை கேட்டது. பொக்காளி வயலில் மணி ஏது? கத்தியது அந்தப் பறவை. கேட்டவன் நான் ஒருவனே; நான் அதை நல்ல காட்சி என்று எண்ணினேன்.

மூன்றாவது சமாதானம் வலியது. படங்கள்தாமே மக்களுக்குப் பறவைகள்மேல் அன்பை வளர்க்கின்றன? அறிவியலுக்காகச் சில உயிர்கள் போவதில்லையா? சலீம் அலியையே எடுத்துக்கொள்வோம். சிறுவனாக இருக்கையில் அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவியே அவரைப் பறவையியலுக்கு இழுத்தது. 1985-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் நிலப்பகுதியில் அவர் நடத்திய ஆய்வு, துப்பாக்கியால் மாதிரிகளைச் சேகரித்து நடந்ததே. அதன் பயனாக எழுந்த நூல் 1953-இல் வந்தது. அந்நூலின் வழியேதான் என் போன்றோர் இந்நிலத்துப் பறவைகளை இனங்கண்டோம். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர் எடுத்த ஒவ்வோர் உயிருக்கும் கணக்கு இருந்தது: இடம், நாள், அளவு, காரணம். என் பதினொரு நிமிடத்துக்கு என்ன கணக்கு? கூடத்துச் சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது, அவ்வளவே.

இன்று அறிவுக்கு அத்துணை விலையும் வேண்டியதில்லை. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கூடிப் பறவை வரைபடம் ஒன்றை உருவாக்கினர். ஒரு மாநிலம் முழுமைக்குமான முயற்சியாக இந்தியாவில் அதுவே முதலாவது. அவர்கள் செய்தது என்ன? குறித்த இடத்துக்குப் போனார்கள். பதினைந்து நிமிடம் கண்டதையும் கேட்டதையும் எண்ணிக் குறித்தார்கள். அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். மழையிலும் ஒரு சுற்று, கோடையிலும் ஒரு சுற்று. நான் குளத்தருகே நின்ற நேரமும் ஏறக்குறைய அதே அளவுதான். வரப்பிலேயே நின்றிருந்தால் எனக்கும் அறிவு குறைந்திருக்காது. குறைந்திருக்கக்கூடியது படம் ஒன்றே.

இதைவிடப் பெரிய கேடுகள் நடக்கின்றனவே என்பாரும் உளர். 2022-இல் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை அகலமாக்க ஒரு மரத்தை வீழ்த்தினர். கூடுகளோடு விழுந்து மடிந்த நீர்ப்பறவைக் குஞ்சுகளின் காட்சியை நாடே கண்டு கொதித்தது. நானும் கொதித்தேன். கொதித்துக்கொண்டே நிமிர்ந்தபோது சுவரில் என் படம் இருந்தது. மரத்தை வெட்டியவர்களுக்குச் சாலை தெரிந்தது, குஞ்சு தெரியவில்லை. எனக்கோ பறவையே தெரிந்தது. மிகத் தெளிவாக, சிறகின் துளி உட்படத் தெரிந்தது. இரண்டில் எது கொடிது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போது பேகன் நினைவுக்கு வந்தான். மயிலுக்குப் போர்வை ஈந்தவனைப் பள்ளிப் பருவத்தில் நாம் பாடமாகப் படித்தோம். கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம். மயிலுக்குக் குளிருமா? அது போர்த்திக்கொள்ளுமா? புலவர்களும் அதைக் கொடைமடம் என்றனர். அவன் மயிலைத் தவறாகத்தான் படித்தான். ஆனால் அவன் பார்த்த பார்வை எத்தகையது? தோகை விரித்த மயில் அழகின் எல்லை. அந்த அழகைக் கண்டும் அவன் நெஞ்சில் எழுந்த முதற்கேள்வி, இதற்கு என்ன வேண்டும் என்பது. மழையில் சிறகு விரித்த பறவையைக் கண்டு என் நெஞ்சில் எழுந்த முதற்கேள்வி, இதிலிருந்து எனக்கு என்ன கிடைக்கும் என்பது. அவனுடைய விடை பிழை, கேள்வி சரி. பறவைநூல் கற்ற நான் விடையெல்லாம் சரியாக அறிந்திருந்தேன்.

படம் சுவரை விட்டு இறங்கிய கதை சிறியது. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் துணி வெளுக்கும் கூடம் ஒன்று உண்டு. டச்சுக்காரர் படைவீரர்களின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்று அங்கு உழைக்கும் தமிழ்க் குடும்பத்தார் சொல்வர். இரு புரியாய் முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துவார்கள். கவ்வி கிடையாது, காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழாது. அவர்களுள் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் பேத்தி திருமணத்துக்கு அழைப்பிதழ் கொண்டுவந்தார். தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். மற்றவர்களைப் போல் நீங்களே எடுத்ததா என்று கேட்கவில்லை.

"ஏன் தம்பி, இது இப்படிப் பதறுது?" என்றார்.

"பதறுதா? எப்படிச் சொல்றீங்க ஐயா?"

"மழையில சும்மா நிக்கிற எதுவும் ஒடுங்கித்தான் நிக்கும். விரிச்சு நின்னா நனையும்ல. இது நனைஞ்சாலும் பரவாயில்லைன்னு நிக்குது. எதையோ மறைக்குது, இல்லே எதையோ விரட்டுது."

வாழ்நாள் முழுதும் மழையைப் பார்த்துத் துணி உலர்த்தியவர் அவர். ஆறு ஆண்டுகளில் அந்தப் படத்தை உண்மையில் பார்த்தவர் அவர் ஒருவரே. பரிசு தந்தவர்களும் பார்க்கவில்லை. பிடித்த நானும் பார்க்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடியவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழைப்பிதழை மேசைமேல் வைத்து, "குடும்பத்தோட வந்திடணும்" என்று சொல்லிப் போனார். அன்று மாலை படத்தை இறக்கினேன்.

சென்னை நண்பருக்கு இதை எழுதினேன். "படத்தை ஒளித்தால் முட்டை திரும்பி வருமா?" என்று பதில் வந்தது. வராது. அவரும் தவறாகச் சொல்லவில்லை. பறவை பார்ப்பதை நான் விட்டுவிடவும் இல்லை. ஆடியில் வரப்பை விட்டு இறங்குவதை மட்டும் விட்டிருக்கிறேன். கருவியைச் சில நாள் எடுத்துப் போகிறேன், சில நாள் இல்லை. எடுத்துப் போகும் நாட்களில் விசையில் விரல் வைக்கும் முன், செல்லானத்து அம்மையார் நிமிர்ந்து பார்த்தது நினைவுக்கு வருகிறது. அந்தப் பறவையும் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தது, நான் பத்தடி போனபோது.

இவ்வாண்டு மலரின் அட்டைக்கு அந்தப் படத்தைத் தரும்படி மலர்க்குழுவினர் அன்போடு கேட்டனர். பரிசுபெற்ற படம் அன்றோ! அதற்கு மாறாக இக்கட்டுரையை அனுப்பியிருக்கிறேன். அன்று குஞ்சு எங்கே என்று கேட்ட சிறுமி வளர்ந்து கல்லூரியில் படிக்கிறாள். மலர் அவள் வீட்டுக்கும் போகும்.